ஆற்றங்கரை கற்பித்த பாடம்
முதியோர் நினைவும் இளைஞர் தொண்டும்: ஒரு வரலாற்றுப் பார்வை



கோட்டூர்புரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அடையாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளின் நீரும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்படும் உபரி நீரும் ஒன்றாகிக் கிழக்கு நோக்கி ஓடிவந்து, நமது பகுதியைத் தொட்டுச் சென்று வங்கக் கடலில் கலக்கின்றன. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்த ஆற்றைப் பாலத்தின் மீது கடந்து செல்வோர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் 1943, 1976, 1985, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் அது தன் இருப்பைச் சென்னைக்கு உரக்க உணர்த்தியது.

இவற்றுள் 1976ஆம் ஆண்டு வெள்ளம் நமக்கு மிக நெருக்கமானது. அவ்வாண்டு நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் முதல் மாடி வரை நீர் ஏறியது. இது பழைய செய்தி எனத் தள்ளிவிடத்தக்கதன்று. ஏனெனில் 39 ஆண்டுகள் கழித்து அதே ஆறு, அதே கரையில், அதே வீடுகளுக்குள் மீண்டும் புகுந்தது.

நினைவு ஓரிடம், வலிமை ஓரிடம்

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 1976இல் 25 வயது இளைஞராயிருந்து அவ்வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர், 2015இல் 64 வயது முதியவர். 2015இல் 20 வயதிலிருந்த கல்லூரி மாணவரோ 1995இல் பிறந்தவர். அவர் அறிந்திருக்கக்கூடிய வெள்ளம் 2005ஆம் ஆண்டினது மட்டுமே. அதுவும் பத்து வயதுச் சிறுவராக. நீர் எந்த வழியாக உள்ளே வரும், எந்தத் தெரு முதலில் மூழ்கும், எத்தனை படிகள் வரை ஏறும் என்ற அறிவு முதியவரிடம் இருந்தது. இடுப்பளவு நீரில் நடந்து சென்று ஒருவரைத் தோளில் சுமந்துவரும் வலிமை இளைஞரிடம் இருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தெருவில் வசித்து வந்தன என்பதே அந்த ஆண்டு நமக்கு உணர்த்திய உண்மை.

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழை சென்னையின் வரலாற்றில் பதிவானது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் இரவோடு இரவாக நீரில் மூழ்கின. மின்சாரம் நின்றது, கைபேசிகள் செயலிழந்தன. ஆற்றோரக் குடியிருப்புகளின் தரைத்தள வீடுகளில் சிக்கி முதியவர்கள் உயிரிழந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன.

இராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களுமாய் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தாமாகவே திரண்டனர். சென்னையின் பள்ளிவாசல்கள் பல, சமய வேறுபாடின்றி அடைக்கலம் தேடி வந்தோருக்குக் கதவுகளைத் திறந்தன. நீர் வடிந்தபின், இஸ்லாமிய மாணவர் அமைப்பின் இளைஞர்கள் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் சேறு படிந்த கோவில்களைத் தூய்மை செய்து கொடுத்ததை நாளேடுகள் எழுதின. அந்த நாட்கள் நம் நகரம் பெருமைப்படத்தக்க நாட்களே.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வேறு பகுதியிலிருந்து படகில் வந்த இளைஞருக்கு, எந்தக் கட்டடத்தின் எந்த வீட்டில் படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் இருக்கிறார் என்பது எங்ஙனம் தெரியும்? இன்சுலின் ஊசி தீர்ந்துபோனவர் யார், காது கேளாதவர் யார், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழ்பவர் யார்? தொண்டு செய்யக் கைகள் நிறைந்திருந்தன. செல்ல வேண்டிய கதவு எதுவென்ற தகவல்தான் குறைவாக இருந்தது. அத்தகவலைப் பேரிடர் நாளன்று திரட்ட முடியாது. அதற்கு முந்திய அமைதியான மாதங்களில்தான் அது உருவாக வேண்டும்.

இரண்டு சான்றுகள்

இவ்வுண்மைக்கு உலக வரலாற்றில் இரண்டு தெளிவான சான்றுகள் உள்ளன.

முதலாவது, இந்தோனேசியாவின் ஆச்சே கரையை அடுத்துள்ள சிமியுலுவே தீவு. 1907இல் அத்தீவை ஆழிப்பேரலை தாக்கிப் பெரும் உயிர்ச்சேதம் விளைத்தது. உயிர் தப்பியோர் அந்நிகழ்ச்சிக்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்திற்கு மிக அருகிலிருந்த அத்தீவில் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லாத ஊரில், பாட்டன் பாட்டிமாரின் சொல்லே இளந்தலைமுறையைக் காத்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் சிகாகோ நகரம். 1995 ஜூலையில் வீசிய கடும் வெப்ப அலையில் அங்கு வழக்கத்திற்கு மேலாக 739 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியே வாழ்ந்தோர் பலர். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் இதனை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டார். அருகருகே இருந்த இரு வட்டாரங்களில் வறுமையும், தனித்து வாழும் முதியோர் தொகையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், ஒன்றில் இறப்பு மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இறப்பு குறைந்த வட்டாரத்தில் கடைவீதியும் ஆள் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தனர், பிறர் அவர்களை அறிந்திருந்தனர். மற்றதில் முதியவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தனர்.

முதற்சான்றில் முதியோர் இளையோரைக் காத்தனர். இரண்டாவதில் அக்கம்பக்கத்தாரின் பழக்கம் முதியோரைக் காத்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஆபத்துக்கு முன்பே ஏற்பட்டிருந்த உறவு.

சென்னையின் தொண்டு மரபு

இத்தகைய உறவை முறைப்படி வளர்க்கும் மரபு நமது நகரத்திற்குப் புதியதன்று. 1923இல் சென்னை ஆயராயிருந்த வாலர் அவர்களின் துணைவியார் ‘கில்ட் ஆஃப் சர்வீஸ்’ என்னும் தொண்டமைப்பைத் தொடங்கினார். பின்னர் அதனைப் பேரமைப்பாக வளர்த்தவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த மேரி கிளப்வாலா ஜாதவ் (1909–1975). இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு உணவளிக்கவும், மருத்துவமனையில் கிடந்தோருக்குத் துணையிருக்கவும் அவர் பெண்களைத் திரட்டினார். நல்லெண்ணம் மட்டும் போதாது, தொண்டுக்கும் பயிற்சியும் ஒழுங்கும் வேண்டும் என்பதை உணர்ந்து 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி உருவாகக் காரணமானார்.

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவன் தன் வகுப்பறைக்கு வெளியே உள்ள மனிதர்களைச் சந்திக்க அது வழிவகுத்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. சிற்றூர்களின் இளம் தொண்டர்கள் ஊதியமின்றி மாலை வகுப்புகள் நடத்தினர். மகள் வயதுடையவர் கற்பிக்கத் தாய் வயதுடையவர் கற்றார். சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டனர். அறிவு மேலிருந்து கீழே மட்டுமே பாயும் என்னும் எண்ணத்தை அவ்வியக்கம் மாற்றியது.

முதியோர் நலனுக்கென்றே தனி அமைப்புகள் தோன்றியதில் 1978 குறிப்பிடத்தக்க ஆண்டு. ஹெல்ப்ஏஜ் இந்தியா அவ்வாண்டு தொடங்கப்பட்டு, பள்ளி மாணவர்களையும் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. சென்னையில் சாவித்ரி வைத்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்காக ‘விஷ்ராந்தி’ இல்லத்தை அதே ஆண்டில் நிறுவினார். 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்ற பிள்ளைகள் பராமரிப்புத் தொகை தர வேண்டும் எனச் சட்டம் கட்டளையிடலாம். மாலை வேளையில் அருகே அமர்ந்து பேச வேண்டும் என எந்தச் சட்டமும் கட்டளையிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இடைவெளியின் அளவு விளங்கும்.

நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு

தொலைவில் தேட வேண்டியதில்லை. அடையாற்றங்கரையில், பறக்கும் ரயில் நிலையத்திற்கு அருகே, குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த நிலம் 2006 முதல் ‘நிழல்’ அமைப்பின் முயற்சியால் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக மாறியது. நாட்டு மரங்கள் நடப்பட்டு, வார இறுதிகளில் தொண்டர்களின் உழைப்பால் பேணப்பட்டன. மரம் நடுவது பேச்சுப் போட்டியன்று. அங்கே வயது வேறுபாடு தடையாவதில்லை. குழி தோண்டுவது இளையவருக்கு எளிது. எது நாட்டு மரம், எந்த மரத்துக்கு எந்த மண் என்று சொல்வது பெரியவருக்கு எளிது. ஒரே வேலையில் இருவர் கைவைக்கும்போது உறவு தானாக ஏற்படுகிறது. முதியவரை ஓரிடத்தில் அமர்த்திப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் விழாக்களால் அது ஏற்படுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

பெருமக்களே! 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா காலத்தில் மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்றவர்களும், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை அடக்கம் செய்தவர்களும் பெரும்பாலும் இளைஞர்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை மீண்டும் நீரில் நின்றது. மீண்டும் இளைஞர்களே முன்வந்தனர். ஆகவே நம் பிள்ளைகளிடம் தொண்டுள்ளம் இல்லை என்று எவரும் குறைகூற இயலாது. வேண்டியது, அதனைப் பேரிடரிலிருந்து அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவரும் ஓர் ஒழுங்கு.

அதற்கு மூன்று பணிகளை ஜமாஅத்தின் பரிசீலனைக்கு முன்வைக்கலாம்.

முதலாவது, மஹல்லாவில் தனித்தோ தம்பதியராகவோ வாழும் முதியோரின் பதிவேடு. எந்தத் தளம், என்ன மருந்து, நடக்க இயலுமா, அவசரத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பன போதும். அவர்களது சம்மதத்துடன் மட்டுமே எழுதி, பொறுப்பானவர் கையில் பாதுகாக்க வேண்டும். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் விரும்பினால் அதில் இடம்பெற வேண்டும். வெள்ளம் ஆளைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு முதியவருக்கும் இரண்டு இளையவர். மூதாட்டியருக்குப் பெண் தொண்டர்கள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் போதும். ஓய்வூதியர் ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்றைக் கைபேசியில் பதிவு செய்தல், வங்கியின் பெயரால் வரும் மோசடி அழைப்புகளை விளக்குதல், மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் முதலியவை அவர்கள் பணி.

மூன்றாவதே மிக முக்கியமானது: முதியோரும் தர வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கணக்காளர் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கலாம். 1976ஐக் கண்டவர்கள் இளைஞர்களை அழைத்துச் சென்று, நீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கைவைத்துக் காட்டலாம். அந்த மட்டங்களை வண்ணத்தால் குறித்து ஆண்டையும் எழுதி வைப்பது இளைஞர் வேலை. அவ்வெள்ளத்தின்போது 20 வயதிலிருந்தவர் இன்று 70 வயதையொட்டிய முதியவர். அவரிடம் கேட்டறிய நமக்குக் கிடைத்துள்ள காலம் மிகக் குறுகியது.

அடையாறு மீண்டும் பெருகும் என்பதில் ஐயமில்லை. எந்த ஆண்டு என்பதே அறியப்படாதது. அந்த நாளில் நம் இளைஞர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் எனத் தேடாமல், பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே படியேறும் நிலையை உருவாக்குவது நம் கையில் உள்ளது. அதற்கான முதல் வருகையை அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே தொடங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!