ஜியாக்ரஃபி படிக்க எங்கே போகலாம்? ஹார்வர்ட் மூடிய கதவும் சியாட்டிலில் திறந்த கதவும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, வீட்டுக்கு வீடு கட்-ஆஃப் கணக்கு ஓடிட்டு இருக்கிற நேரம் இது. நமக்கு வர்ற மெசேஜ்கள்ல ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுது: "எனக்கு ஜியாக்ரஃபி படிக்க ஆசை. எந்த காலேஜ்ல படிக்கலாம்?" கூடவே இன்னொரு வரியும் வரும்: "வீட்ல, அதைப் படிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்குறாங்க."

நான் அட்மிஷன் கவுன்சலர் இல்லை. பகல்ல கோடு எழுதுறவன், ராத்திரி இந்த பாட்காஸ்ட் பேசுறவன். அதனால கல்லூரிப் பட்டியல் எதுவும் தரப்போறதில்லை. அதுக்குப் பதிலா, இதே கேள்வியை ஒரு எழுபது எண்பது வருஷம் பின்னாடி கொண்டு போய் வெச்சுப் பார்ப்போம். அங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. யார் எங்கே படிச்சாங்க, என்ன ஆனாங்கன்னு முடிவு தெரியும்.

இடம் அமெரிக்கா. வருஷம் 1947. நீங்க புவியியல் ஆராய்ச்சி பண்ண ஆசைப்படுற ஒரு மாணவர். உங்க கையில ரெண்டு கடிதம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு கிழக்குக் கரையில இருக்கிற ஹார்வர்ட். இன்னொண்ணு வடமேற்கு மூலையில, மழைக்குப் பேர் போன சியாட்டில் நகரத்துல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகம். எதைத் தேர்ந்தெடுப்பீங்க?

நம்ம மாமா, சித்தப்பா யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஹார்வர்ட் கிடைச்சிருக்கு, இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அந்தப் பதிலில் நியாயமும் இருந்தது. அமெரிக்கப் புவியியலின் தந்தை என்று பலர் சொல்லும் வில்லியம் மோரிஸ் டேவிஸ் பாடம் நடத்திய இடம் ஹார்வர்ட். ஆறுகள் நிலத்தை எப்படி அரித்து அரித்து வடிவம் மாற்றுகின்றன என்பதை ஒரு சுழற்சியாக விளக்கியவர் அவர். 1940களில் அங்கே டெர்வென்ட் விட்டில்சி என்ற மூத்த பேராசிரியர் இருந்தார். எட்வர்ட் ஆக்கர்மன், எட்வர்ட் உல்மன் என்று இரண்டு இளம் பேராசிரியர்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. வரைபடம் படிக்கத் தெரிந்தவர்களை, ஒரு நாட்டின் துறைமுகம், ரயில் பாதை, விளைநிலம் பற்றி அறிக்கை எழுதத் தெரிந்தவர்களை அரசாங்கம் தேடித்தேடி வேலைக்கு எடுத்த காலம் அது. புவியியலுக்கு இதைவிட நல்ல நேரம் வேறு இருக்குமா?

இங்கதான் கதை திரும்புது.

1947-ல் ஆக்கர்மனுக்கு நிரந்தரப் பதவி தரவேண்டும் என்ற பரிந்துரை நிர்வாகத்திடம் போனது. ஹார்வர்டில் புவியியலுக்குத் தனித் துறை கிடையாது. ஜியாலஜியோடு ஒரே கூரைக்குள்தான் இருந்தது. ஒரே கூரை என்றால் ஒரே பட்ஜெட். புவியியலுக்கு ஒரு நாற்காலி போனால் ஜியாலஜிக்கு ஒன்று குறையும். ஜியாலஜி பேராசிரியர் மார்லண்ட் பில்லிங்ஸ் அந்தப் பரிந்துரையை எதிர்த்தார். விவகாரம் மேலே போனது. 1948-ல், புவியியல் ஒரு பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர வேண்டிய பாடமே அல்ல என்ற முடிவுக்கு ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் வந்தார். வேதியியல் விஞ்ஞானி அவர். அத்தோடு கதவு சாத்தப்பட்டது.

இது ஏன் நடந்தது என்பதைப் புவியியலாளர் நீல் ஸ்மித் 1987-ல் ஒரு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். ஒரே ஒரு வில்லன் கிடையாது.

முதல் காரணம், இந்தப் பாடம் என்னவென்று அதை நடத்தியவர்களாலேயே நிர்வாகத்துக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஜியாலஜி எங்கே முடிகிறது, புவியியல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இரண்டாவது, அலெக்சாண்டர் ஹாமில்டன் ரைஸ் என்ற பணக்காரப் பயணி. அமேசான் காடுகளுக்குப் போய்வந்தவர். சொந்தச் செலவில் ஹார்வர்டில் ஒரு ஆய்வு நிலையம் கட்டி, கூடவே பேராசிரியர் பட்டமும் பெற்றிருந்தார். காசு கொடுத்து வாங்கிய பதவி என்ற முணுமுணுப்பு மொத்தப் பாடத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, விட்டில்சியின் தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றி அந்தக் காலத்துக்கே உரிய வெறுப்பும் கிசுகிசுவும். அவர் ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது.

நான்காவதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது. ஐசையா போமன். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் அதிபர் வில்சனுக்கு வரைபட ஆலோசனை சொன்னவர். அன்று நாட்டிலேயே செல்வாக்கு மிக்க புவியியலாளர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர். ஹார்வர்டின் பழைய மாணவர் வேறு. கோனன்ட் அவரிடம் கருத்துக் கேட்டார். ஆனால் தன் சொந்தப் பாடத்துக்காகப் போமன் உறுதியாக நின்று பேசவில்லை. ஹார்வர்டில் நடக்கும் புவியியலின் தரத்தில் அவருக்கே திருப்தி இல்லை. விட்டில்சியின் மேல் மரியாதையும் இல்லை. பேசியிருக்க வேண்டியவர் அமைதியாக இருந்தார்.

இப்ப மறுபடி உங்க கையில இருக்கிற அந்தக் கடிதத்தைப் பாருங்க. 1947-ல ஹார்வர்டுக்குப் போயிருந்தா, பெட்டி படுக்கையைப் பிரிச்சு வைக்கிறதுக்குள்ள உங்க பாடம் காலி. ஆக்கர்மன் போய்விட்டார். உல்மன் 1951-ல் கிளம்பினார். விட்டில்சி மட்டும் 1956-ல் இறக்கும் வரை அங்கே இருந்தார்.

உல்மன் எங்கே போனார் தெரியுமா? சியாட்டிலுக்கு. யாருமே யோசிக்காத அந்த இரண்டாவது கடிதத்தின் ஊருக்கு.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்போது வில்லியம் கேரிசன் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். 1950களின் நடுவில் அவர் புவியியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தத் தொடங்கினார். இன்னைக்கு இது சாதாரணமா தோணும். அன்று புவியியல் என்றால் ஒரு பகுதிக்குப் போய், பார்த்து, விவரித்து எழுதுவது. கணக்கு போட்டு நிரூபிப்பது அல்ல. கேரிசனின் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஐபிஎம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். ஒரு புது நெடுஞ்சாலை வந்தால் கடைகள் எங்கே நகரும், ஒரு ஊரில் மருத்துவமனை எந்த இடத்தில் இருந்தால் அதிகம் பேர் போய்ச் சேர முடியும் என்ற மாதிரிக் கேள்விகளை எண்களாக மாற்றினார்கள். மற்றவர்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் "ஸ்பேஸ் கேடட்ஸ்". கிண்டல்தான்.

அந்த வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பிரையன் பெர்ரி, நகரப் புவியியலில் பின்னாளில் மிகப் பெரிய பெயர். விஸ்கான்சினில் தேர்வில் சறுக்கிவிட்டு இங்கே வந்த வில்லியம் பங்கி, 1962-ல் கோட்பாட்டுப் புவியியலுக்கு ஒரு அடிப்படை நூலே எழுதினார். வால்டோ டோப்ளர் 1959-லேயே வரைபடத்தைக் கம்ப்யூட்டரால் வரைவது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1970-ல் அவர் சொன்ன ஒரு விதியை லொகேஷன் டேட்டாவோடு வேலை செய்யும் என்னை மாதிரி ஆட்கள் தினமும் பயன்படுத்துகிறோம்: எல்லாப் பொருளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு உண்டு, பக்கத்தில் இருப்பவற்றுக்கு அது இன்னும் அதிகம். மழைமானி இல்லாத ஒரு தெருவில் எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று பக்கத்து மானிகளை வைத்துக் கணிக்கிறோமே, அதன் அடிப்படை இதுதான்.

ஒரு பேராசிரியர், ஒரு மெஷின், ஏழெட்டு மாணவர்கள். ஒரு பாடத்தின் திசையையே மாத்திட்டாங்க.

சரி, "பேரைப் பார்க்காதே, ஆளைப் பார்"னு சொல்லி எபிசோடை இங்கயே முடிச்சிடலாம். ஆனா வரலாறு அவ்வளவு லேசா விடாது. ரெண்டு சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல் மிச்சிகன். டோப்ளர், சியாட்டிலிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய வகுப்புத் தோழர் ஜான் நைஸ்டுவனும் அங்கே பேராசிரியர் ஆனார். நல்ல ஆட்கள், நல்ல கம்ப்யூட்டர், நல்ல பெயர், மூன்றும் இருந்தன. 1982-ல் அந்தத் துறை மூடப்பட்டது. 1986-ல் சிகாகோ. அமெரிக்காவில் புவியியலில் ஆராய்ச்சிப் பட்டம் தருவதற்கென்றே 1903-ல் முதன்முதலில் உருவான துறை அது. அதே காலத்தில் நார்த்வெஸ்டர்ன், கொலம்பியா என்று பட்டியல் நீண்டது. அப்போ நல்ல ஆட்கள் இருப்பது மட்டும் ஒரு துறைக்குக் காப்பீடு இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரஸ்யம். மறுபடி ஹார்வர்ட்.

அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்கர் ஹார்வுட் என்ற பேராசிரியரும் கம்ப்யூட்டரில் நகர வரைபடங்கள் அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1963-ல் அவர் அதைப் பற்றி நடத்திய ஒரு பயிற்சியில் ஹோவர்ட் ஃபிஷர் என்ற கட்டடக்கலைஞர் கலந்துகொண்டார். இதை இன்னும் நல்லா பண்ணலாமே என்று அவருக்குத் தோன்றியது. பெட்டி பென்சன் என்ற புரோகிராமரோடு சேர்ந்து சைமேப் என்ற மென்பொருளை உருவாக்கினார். அன்றைய லைன் பிரிண்டரில் படம் வராது, எழுத்துதான் வரும். அதனால் ஒரே இடத்தில் ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்தை அடித்து அடித்து, கறுப்பின் அடர்த்தியைக் கூட்டி வரைபடம் செய்தார்கள். ஹேக் என்றால் இதுதான் ஹேக்.

ஃபிஷருக்கு ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதி தந்தது. 1965-ல் அவர் தன் லேபைத் தொடங்கிய இடம் ஹார்வர்ட். புவியியலை வெளியே அனுப்பிய அதே ஹார்வர்ட்! ஆனால் வாசல் வேறு. வடிவமைப்புக் கல்லூரியில், கட்டடக்கலைக்கும் நில வடிவமைப்புக்கும் நடுவில் அந்த லேப் உட்கார்ந்தது. அங்கே நில வடிவமைப்பு படித்த ஜாக் டேஞ்சர்மண்ட் 1969-ல் ஊர் திரும்பி, மனைவி லாராவோடு எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அரசு அலுவலகங்களில் ஓடும் ஜிஐஎஸ் மென்பொருள் அவர்களுடையது. 1982-ல் வெளிவந்த அவர்களின் ஆர்க்இன்ஃபோவை வடிவமைத்த ஸ்காட் மோர்ஹவுஸும் ஹார்வர்ட் லேபிலிருந்து போனவர்தான். 1976-ல் அந்த லேபுக்கு இயக்குநராக வந்தவர் யார்? சியாட்டில் வகுப்பில் பார்த்தோமே, அதே பிரையன் பெர்ரி.

பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லைன்னு 1948-ல சொன்ன இடத்துக்கு, பதினேழு வருஷத்துல அந்தப் பாடம் பக்கத்து வாசல் வழியா உள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. பலகையில பேர் மட்டும் வேற.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் புவியியலின் கதை எங்கே தொடங்குகிறது? சென்னைப் புவியியல் சங்கம் 1926-ல் உருவானது. இன்று அது இந்தியப் புவியியல் கழகம். அதன் ஆய்விதழ் இன்னும் வருகிறது. ஆனால் அதற்கும் முன்னால், 1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் கோட்டைப் பக்கம் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. நிலத்தை அளக்க, வரைபடம் வரைய ஆட்கள் வேண்டும் என்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய பள்ளி. அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அதே வளாகத்தில் இன்று ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பி.இ. படிப்பு இருக்கிறது. எத்தனை பேர் அதை ஜியாக்ரஃபி என்று நினைத்துக் கவுன்சலிங்கில் தேடியிருப்பார்கள்?

அதுக்காக பி.ஏ., பி.எஸ்சி. புவியியல் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. சாஃப்ட்வேர் கையில வந்தா மட்டும் போதாது. ஒரு ஏரி ஏன் அங்க இருக்கு, அதைச் சுத்தி யார் குடியிருக்காங்க, வெள்ளம் வந்தா முதல்ல யார் வீட்டுக்குள்ள தண்ணி போகும்னு கேட்கக் கத்துக்கொடுக்கிற இடம் அந்த வகுப்புதான். வரைபடம் வரையத் தெரிந்தவருக்கும், வரைபடத்திடம் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அது.

அதனால, மெசேஜ் அனுப்பினவங்களுக்கு நான் சொல்ல விரும்புறது நாலே விஷயம். காலேஜ் பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி, அங்க பாடம் நடத்துறவங்க கடைசி ரெண்டு வருஷத்துல என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு தேடிப் பாருங்க. ரெண்டாவது, அந்தத் துறை தனியா நிக்குதா, வேற துறையோட நிழல்லயான்னு பாருங்க. ஹார்வர்ட்ல மாட்டினது அங்கதான். மூணாவது, பக்கத்து வாசலையும் தட்டிப் பாருங்க. சிவில், நகரத் திட்டமிடல், ரிமோட் சென்சிங், சுற்றுச்சூழல்னு வேற வேற பேர்ல அதே பாடம் இருக்கலாம். நாலாவது, முடிஞ்சா ஒரு நாள் நேர்ல போய், இப்ப படிக்கிற சீனியர்ஸ்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க. களப்பணிக்கு வெளியில கூட்டிட்டுப் போறாங்களா, லேப் திறந்திருக்கா, பூட்டியிருக்கான்னு எந்த இணையதளத்துலயும் போட்டிருக்க மாட்டாங்க.

இதெல்லாம் பார்த்துச் சேர்ந்த பிறகும் நாளைக்கு அந்தத் துறையே மூடப்படலாம். மிச்சிகன்ல நடந்துச்சு. ஆனா அங்க படிச்சவங்க கத்துக்கிட்டதை யாரும் திருப்பி வாங்கல. டோப்ளர் மூடுவிழாவுக்கு முன்பே, 1977-ல், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்குப் போய்விட்டார். 1974-ல் தொடங்கிய ஒரு புத்தம்புதுத் துறை அது. 1988-ல் அமெரிக்க அரசின் நிதியோடு தேசியப் புவியியல் தகவல் ஆய்வு மையம் அமைந்தபோது, அது மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போனது. சாண்டா பார்பரா, பஃபலோ, மெய்ன். ஹார்வர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. 2006-ல்தான் ஹார்வர்ட் புவியியல் பகுப்பாய்வுக்கென்று ஒரு மையத்தைத் திறந்தது. கதவைச் சாத்தி 58 வருஷம் கழித்து.

வீட்ல யாராவது "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற"ன்னு கேட்டா, இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. அப்புறம் அவங்க போன்ல இருக்கிற மேப்பைத் திறந்து, நம்ம வீடு இதுல எங்க இருக்குன்னு கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.