ஹால்ட்டர் குதிரை வணிகம்

சவாரித் திறனுக்காக அல்லாமல் உடலமைப்பைக் காட்டிப் பரிசு வெல்வதற்காக வளர்க்கப்படும் குதிரை, ஹால்ட்டர் குதிரை. சேணமும் கடிவாளமும் இன்றி, ஹால்ட்டர் எனப்படும் தலைக்கயிறு மட்டும் பூட்டி நடுவர் முன் நிறுத்துவதால் இப்பெயர். அமெரிக்காவில் டெக்சஸ், ஓக்லஹோமா முதலிய மாநிலங்களின் கிராமப்புறப் பண்ணைகளில், பெரும்பாலும் குவார்ட்டர் இனத்தில், இவ்வணிகம் நடக்கிறது.

அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கம் 1940இல் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அந்நகரில் நடந்த கண்காட்சியில் வென்ற விம்பி என்ற பொலிக்குதிரைக்குப் பதிவேட்டின் முதல் எண் கிடைத்தது. மாடு மேய்க்கும் வேலைக்கு உகந்த உடல் எது என்று காட்டுவதே அன்றைய போட்டியின் நோக்கம். பின்னர் வேலைக் குதிரையும் போட்டிக் களக் குதிரையும் தனித்தனி வழியில் வளர்ந்தன. களத்தில் தசைத்திரட்சிக்கு மதிப்பு ஏறியது.

இந்த மாற்றத்தின் பெரும்பங்கு 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிக்குதிரையைச் சேரும். 1974இல் உலகப் பட்டம் வென்ற அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. அதன் வழிவந்தவை என்றாலே விலை கூடியது. ஆனால் அந்த வழியில் ஹெச்.ஒய்.பி.பி. என்ற தசைநோயும் இறங்கியது. தசையணுவின் சோடியம் வாயிலில் ஏற்பட்ட மரபுப் பிழை இது. தசை துடிக்கும், மூன்றாம் இமை கண்ணை மூடும், குதிரை சரிந்து விழும். சில சமயம் இறந்தும் போகும். பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், நோய் தோன்றலாம். 1992இல் மரபணுச் சோதனை வந்த பின்னும் இக்குதிரைகள் பரிசு வென்றதால் இனப்பெருக்கம் நிற்கவில்லை. இது வளர்ப்போரின் அறியாமையால் நேர்ந்ததன்று. அறிந்தே செய்த தவறு. இரு மரபணுப் பிரதியிலும் பிழை உள்ள குட்டிகளுக்கு 2007 முதல் சங்கம் பதிவு மறுக்கிறது. ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவை இன்றும் பதிவு பெறுகின்றன, விற்கவும் படுகின்றன.

விற்பனை சில வேளை ஏலத்திலும், பல வேளை பண்ணைக் கொட்டிலிலேயே நேரில் பேசியும் முடிகிறது. பால் மறந்த குட்டிக்கும் ஒரு வயதுக் குட்டிக்கும் தனித்தனிப் போட்டிகள் இருப்பதால், சவாரிக்குப் பழக்கும் வயது வரும் முன்பே அவற்றுக்கு விலை உண்டு. வாங்குபவர் குதிரையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பார்ப்பார், நடத்தியும் ஓடவிட்டும் பார்ப்பார். உடற்சீர், கால்களின் நேர்மை, தசை, இனச் சாயல் ஆகியவையே நடுவரின் அளவுகோல். வாங்குபவரின் அளவுகோலும் அவைதாம். பின்னங்கால் மூட்டு மிக நேராகவும், பெரும் உடலுக்குக் குளம்பு சிறிதாகவும் இருந்தால் பின்னாளில் நொண்டல் வரக்கூடும். ஊர்ப்புறத்தில் கால்நடை மருத்துவர் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தாலும், காலை மடக்கிப் பிடித்து நொண்டலைக் கண்டறியும் மடக்குச் சோதனையும் எக்ஸ்ரேயும் செய்யாமல் முன்பணம் தருவது தவறு. அந்த மருத்துவர் விற்பவரின் வழக்கமான மருத்துவராக இல்லாதிருப்பது நல்லது.

பதிவுச் சான்றிதழ், உரிமை மாற்றுப் படிவம், மரபணுச் சோதனை முடிவு ஆகியவை குதிரையோடு கைமாற வேண்டியவை. மாநில எல்லை தாண்டினால் காகின்ஸ் சோதனைத் தாளும் பொதுவாகத் தேவை. குதிரை ஈக்கள் பரப்பும் தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கான சான்று அது. சினைக் குதிரையானால் பொலிக்குதிரை உரிமையாளரின் இனச்சேர்க்கைச் சான்றையும் கேட்டுப் பெற வேண்டும். அது இல்லாமல் குட்டியைப் பதிவது கடினம்.

ஹெச்.ஒய்.பி.பி. மரபணு உள்ள குதிரை கைமாறும்போது தீனி விவரத்தையும் எழுதித் தர வேண்டும். பொட்டாசியம் மிகுந்த குதிரை மசாலும் கரும்புப் பாகும் நோயைத் தூண்டுபவை. வண்டிப் பயணமும் திடீர்த் தீனி மாற்றமும் அவ்வாறே. விற்ற நாளில் இவையெல்லாம் ஒன்றாக நேர்கின்றன.