கடிகையின் வாயில்

காஞ்சிபுரத்துக் கடிகையிலே வேதாத்தியயனத்தை நிறைவு செய்ய விரும்பித் தன் ஆசான் வீரசர்மனோடு வந்து சேர்ந்த மயூரசர்மன் என்னும் இளைஞன், பல்லவ அரசனுடைய குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த சச்சரவினால் உள்ளம் கொதித்து, தர்ப்பை பிடித்துப் பழகிய கையில் வாளைப் பிடித்து, எல்லைக் காவலர்களை வென்று, ஸ்ரீபர்வதத்துக் காடுகளில் நிலைகொண்டு, முடிவில் அந்தப் பல்லவரே தன்னை ஓர் அரசனாக ஏற்கும்படி செய்தான் என்று, கர்நாடகத்து ஷிமோகா ஜில்லாவிலுள்ள தாளகுந்தா என்னும் ஊரின் கற்றூண் ஒன்று கூறுகிறது. கதம்ப வமிசத்தின் உற்பத்திக் கதை அது. நிகழ்ந்தது கி.பி. 4ஆம் நூற்றாண்டில், கல்லில் ஏறியது அடுத்த நூற்றாண்டில். மாணவன் ஒருவனுடைய மனக்குறை, கேட்பாரின்றி வாசலைத் தாண்டிப் போய்விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காஞ்சியின் சரித்திரம் வைத்திருக்கும் முதல் சாட்சி அந்தத் தூண்.

இன்று அந்நகரத்தை ஒட்டி நிற்கும் ஏனாத்தூரில், காஞ்சிப் பெரியவரான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் பெயர் தாங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1993 முதல் நடைபெற்று வருகிறது. தறி ஓசைக்கும் கோயில் மணி ஓசைக்கும் பேர்போன நகரத்தின் விளிம்பில், கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் ஊராக அது மாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மாணவர் கூடும் இடமெல்லாம் என்றேனும் ஒருநாள் மாறுபட்ட அபிப்பிராயமும் கூடும், அது இயற்கை. அவ்விதம் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தினுள் மாணவர் திரண்டு அமரும்போது, சக்கர நாற்காலியில் வருபவன் எந்த வழியாக உள்ளே வருவான், பார்வையற்றவள் எவர் குரலை நம்பி எழுந்து நடப்பாள், மயங்கி விழுபவனுக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார், எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவதற்கு உத்தரவாதம் யார் என்னும் கேள்விகள் நம் காலத்தில் புதிதாக எழுந்தவை போலத் தோன்றலாம். ஆனால் அவற்றுக்கு வேண்டிய விடையின் பெரும் பகுதி, ஏனாத்தூரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் கல்லிலே பொறித்துக் கிடக்கிறது.

கடிகை என்பது வெறும் பாடசாலை அன்று. 8ஆம் நூற்றாண்டில் பல்லவ சிங்காதனம் வாரிசின்றி நின்றபோது, பல்லவ வமிசத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனைத் தரும்படி கேட்டவர்களுள் கடிகையாரும் இருந்தனர் என்பதை, வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களிலுள்ள சிற்பங்களும் அவற்றின் கீழ் வெட்டிய எழுத்துக்களும் காட்டுகின்றன. கல்வி நிலையத்தாருக்கு ராஜ்ய விஷயத்தில் வாய் உண்டு என்பது அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட நியதி. இதைவிட வியப்பானது கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. பல்லவரை வென்று காஞ்சிக்குள் பிரவேசித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் பொருளைக் கவராமல் அதற்கே திரும்ப அளித்ததாகக் கூறும் கன்னட சாசனம் ஒன்று அங்கே ஒரு தூணில் உண்டு. அதன் இறுதியில், இந்தத் தர்மத்தை அழிப்பவன் இந்நகரத்துக் கடிகையின் சபையோரைக் கொன்றவன் அடையும் கதியை அடைவான் என்ற கருத்தில் ஒரு சாபம் வருகிறது. நம் சாசனங்களில் காராம்பசுவைக் கொன்ற பாவமும் கங்கைக்கரையில் செய்த பாவமும் வழக்கமாக வரும் இடம் அது. அந்த இடத்தில், படை நடத்தி வந்த ஓர் அந்நிய அரசன் கடிகையாரைக் கொல்லும் பாவத்தை வைத்தான் என்றால், கல்விச் சாலையில் இருப்பவர் மேனியில் ஆயுதம் படக்கூடாது என்பது பகைவருக்கும் பொதுவான தர்மமாக இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

அபயம் அளிப்பது ஒன்று, பராமரிப்பது வேறொன்று. பின்னதைக் காண, வாலாஜாபாத்துக்கு அருகே, பழைய சீவரத்தின் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலுக்குப் போகவேண்டும். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று, கோயிலைச் சார்ந்து நடந்த வேத பாடசாலையையும் மாணவர் விடுதியையும் ஆதுலசாலையையும் ஒரே மூச்சில் விவரிக்கிறது. ஆதுலர் என்றால் நோயாளர். வீரசோழன் என்ற பெயர் பெற்ற அந்த வைத்தியசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள் என்று ஒவ்வொருவருக்கும் படி அளந்து வைத்திருக்கிறார்கள். சேமிப்பில் இருக்க வேண்டிய தைலங்களுக்கும் லேகியங்களுக்கும்கூடப் பட்டியல் உண்டு. மாணவர் பக்கம் திரும்பினால், அவர்களுக்குச் சோறு மாத்திரமா? படுக்கப் பாய், இரவு எரிக்க விளக்கெண்ணெய், சனிக்கிழமை தோறும் தலைமுழுகுவதற்கு எண்ணெய் என்று கணக்கு நீள்கிறது. பாடம் சொல்லிக் கொடுக்கும் ஸ்தாபனமே மாணவனுடைய உச்சந்தலை வரைக்கும் பொறுப்பு ஏற்றுக்கொண்டது. அவன் கெட்டிக்காரனா மந்தனா, சாதுவா முரடனா என்று பார்த்து எண்ணெய் வார்க்கவில்லை.

இந்தப் பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வந்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 1965ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் சிதம்பரத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது போலீசார் சுட்டதில் இராசேந்திரன் என்னும் மாணவர் மாண்டார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலில் அவருடைய சிலை நிற்கிறது. உயிரோடு இருந்தபோது எந்தக் கரத்தின் காவலும் எட்டாத ஓர் இளைஞனைச் சிலையாக்கி வாயிலில் நிறுத்தி வணங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2013ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, ஈழத் தமிழருக்கு நீதி கேட்டு லயோலா கல்லூரி மாணவர் 8 பேர் தொடங்கிய உண்ணாவிரதம், 11ஆம் தேதி விடியுமுன் அவர்களைப் போலீசார் அப்புறப்படுத்திய பின் தமிழ்நாடெங்கும் கல்லூரிகளில் மூண்டு எழுந்தது. அரசாங்கம் காலவரையறையின்றிக் கல்லூரிகளை மூடியது. பட்டினி கிடப்பவன் உடலே அவனுடைய வாதம். அருகில் ஒரு வைத்தியர் நாடி பார்த்துக்கொண்டிருப்பது அந்த வாதத்துக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

அதே 2013இல், செப்டம்பர் மாதம், பார்வையற்ற கல்லூரி மாணவர்களும் பட்டதாரிகளும் வேலைவாய்ப்பு முதலிய கோரிக்கைகளை முன்வைத்துச் சென்னையில் போராடினார்கள். அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில் இறக்கிவிட்டார்கள் என்ற முறையீடு அக்காலத்துப் பத்திரிகைகளில் வந்து பலர் மனத்தைச் சுட்டது. கண் உள்ளவனைக் கலைத்து விடுவதும், எந்தத் திசையில் சாலை இருக்கிறதென்று காணமுடியாதவனை இறக்கிவிட்டுத் திரும்புவதும் ஒன்றாகா. கிளர்ச்சியில் எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்வது சமத்துவம் போலக் காதில் விழும். பார்வையற்றவருக்கு அதுவே பெரிய அநீதி.

உடற்குறை உள்ளவர்களால் நீடித்த கிளர்ச்சி செய்ய இயலாது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கா இரண்டு உதாரணங்களை வைத்திருக்கிறது. அரசாங்கப் பணம் பெறும் பல்கலைக்கழகம் முதலிய எந்த ஸ்தாபனமும் ஊனமுற்றோரை ஒதுக்கலாகாது என்று 1973இல் இயற்றிய சட்டத்துக்கு நான்கு ஆண்டுகளாகியும் விதிகள் வெளிவராமையால், 1977 ஏப்ரல் 5 அன்று ஜூடி ஹியூமன் முதலானோர் நூற்றுக்கு மேற்பட்டவராகச் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மத்திய அரசாங்கக் கட்டடம் ஒன்றில் புகுந்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கு மேல் அவர்கள் அங்கே தங்க முடிந்ததற்குக் காரணம் வீரம் மாத்திரம் அன்று. கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தார் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தனர். கைகால் அசைக்க முடியாதவர்களைத் தோழர்கள் புரட்டிப் படுக்க வைத்தனர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே நின்றவர்களோடு பேசினர். ஏப்ரல் 28இல் விதிகள் கையெழுத்தாயின. 1988 மார்ச்சில், வாஷிங்டனிலுள்ள காலடெட் என்னும் காது கேளாதோர் பல்கலைக்கழகத்தில், கேட்கும் திறனுள்ள ஒருவரையே மறுபடியும் தலைவராக நியமித்ததை எதிர்த்து மாணவர் கிளர்ந்தபோது, ஒரு வாரத்துக்குள் ஐ. கிங் ஜார்டன் அதன் முதல் செவிகேளாத் தலைவரானார். அங்கே கூட்டத்தின் மொழி சைகை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது செய்தி சேகரிக்க வந்தவர்களுக்குத்தான்.

நம் தேசத்துச் சட்டமும் இப்போது பின்தங்கியதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்களின் கட்டடமும் வளாகமும் எல்லோரும் அணுகத் தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. பொதுக் கட்டடங்களைத் திருத்தி அமைக்க அது தந்த ஐந்தாண்டுத் தவணை, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து எண்ணினால், 2022இல் தீர்ந்துவிட்டது. ஆனால் சட்டம் படியேறி வருவதில்லை. அரையடி உயரமுள்ள மூன்று படிகள் ஏறி நுழையும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய பொது அளவு; ஆகவே அந்த மூன்று படிகளுக்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். ஆறு அடியில் கொட்டி வைத்த சிமெண்டுச் சரிவு புகைப்படத்துக்கு உதவுமே தவிர, சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவனுக்கு அது மலையேற்றம். கிளர்ச்சி நாளில் அந்தச் சரிவின் மேல் செருப்புகளும் பைகளும் பதாகைக் கம்புகளும் குவிந்துவிட்டால் அந்த ஏற்றமும் இல்லை.

கூட்டத்தை நடத்தும் கலை காஞ்சிபுரத்துக்குச் சொல்லித் தரவேண்டியதன்று. 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் தரிசனத்துக்கு எழுந்தருளியிருந்த 48 நாட்களில், வரும் வழி வேறு, போகும் வழி வேறு என்று பிரித்தும், முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் சக்கர நாற்காலி ஏற்படுத்தியும், வீதிகளில் குடிநீர் வைத்தும் இந்நகரம் கற்ற பாடம் பெரிது. நெரிசலில் உயிர்கள் போன துக்கமும் அந்தப் பாடத்தில் அடக்கம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபோது, இறங்குவதற்கு இருந்த குறுகிய படிக்கட்டு என்ன செய்தது என்பதைத் தமிழ்நாடு மறக்கலாகாது. மாணவர் கூடியிருக்கும் கட்டடத்தின் கதவைப் பூட்டுகிறவர், அவர் நிர்வாகியாயினும் சரி, கிளர்ச்சித் தலைவராயினும் சரி, அந்தப் படிக்கட்டைத்தான் மறுபடியும் கட்டுகிறார்.

2017 ஜனவரி 17 முதல், சென்னை மெரினாக் கடற்கரையில், ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் குப்பை பொறுக்கினார்கள். போக்குவரத்தை ஒழுங்கு செய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் கைகோத்து வழி விட்டார்கள். பெண்கள் இரவிலும் அச்சமின்றி அமர்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. ஆனால் 23ஆம் தேதி காலை கலைந்து போகச் சொன்னபோது தடியும் தீயும் புகுந்து, அபயம் தந்த நடுக்குப்பத்து மீனவர்களின் சந்தையே எரிந்து போயிற்று. வரும் வழியை இளைஞர்கள் அழகாக அமைத்தார்கள். போகும் வழியை ஒருவரும் அமைக்கவில்லை. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இருவர் சேர்ந்து கோர்வை போடுவார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் கரை பிரிந்து நிற்கும். மாணவர் ஒழுங்கும் நிர்வாகத்தின் பொறுப்பும் அத்தகைய கோர்வை.

ஆகையால் பல்கலைக்கழகங்களை ஆள்பவர்களுக்கும் அவற்றில் பயில்பவர்களுக்கும் சொல்லவேண்டியது இவ்வளவே. கிளர்ச்சிக்கென்று தரைத்தளத்தில், சாய்தளம் உள்ள ஒரு கூடத்தை ஒதுக்குங்கள். இரண்டு வாயில்களைத் திறந்து வையுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் ஒரு வைத்தியரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அறிவிப்பை வாயாலும் சொல்லுங்கள், பலகையிலும் எழுதுங்கள். தனியாக நடக்க இயலாதவர் பக்கத்தில் ஒரு தோழரை நிறுத்துங்கள். கலையும் நேரத்தையும் வழியையும் அமரும்போதே பேசி முடியுங்கள். கோரிக்கை நியாயமா அன்றா என்பதைப் பிறகு வாதிடலாம். எதிர்த்துக் கோஷமிடும் நாளிலும் அவன் அந்த ஸ்தாபனத்தின் மாணவனே. திருமுக்கூடலில் அவனுக்கு அளந்த எண்ணெயை எந்த நிர்வாகமும் அன்று மாத்திரம் நிறுத்திவிட உரிமையில்லை.