பசியற்ற உளநோய்: சிகிச்சையில் பெற்றோரின் இடம்

அனோரெக்சியா நெர்வோசா எனப்படும் பசியற்ற உளநோய், எடை கூடிவிடும் என்ற கடும் அச்சத்தால் உணவை மிகவும் குறைத்து, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு உடல் மெலியும் நோயாகும். பெயர் அப்படி இருந்தாலும், பசி பெரும்பாலும் இருக்கும். நோயாளி அதை அடக்கிக்கொள்கிறார்.

1689-ல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி மெலிந்து இறந்த இளம்பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். மனக்கவலையே காரணம் எனக் கருதினார். 1873-ல் லண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லஸ் லசேக் ஆகியோர் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். இன்றைய பெயர் கல் சூட்டியது. நோயாளியைக் கவனிக்க உறவினர் பொதுவாக ஏற்றவர் அல்லர் என்றார் அவர். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோவும் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தே சிகிச்சை அளித்தார். பெற்றோர் மீதான இந்த ஐயம் நெடுங்காலம் நீடித்தது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் இதை மாற்றினர். நோய் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு உட்பட்ட இளையோருக்குக் குடும்பச் சிகிச்சை கூடுதல் பயன் தந்ததை 1987-ல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. இம்முறையில் யார் மீதும் பழி சுமத்தப்படுவதில்லை. முதலில் பெற்றோர் உணவுப் பொறுப்பை ஏற்பர். எடை தேறியபின் அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடமே திரும்பும். 2017-ல் பிரித்தானிய வழிகாட்டுதல், சிறார்க்கும் இளையோருக்கும் இதையே முதல் உளவியல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. விலக்கி வைக்கப்பட்ட பெற்றோரே இன்று சிகிச்சையின் முதன்மைத் துணையாக உள்ளனர்.