உரிமம்: எஞ்சின் ட்யூனிங் மென்பொருளில் அதன் பொருள்

உரிமம் (பெயர்ச்சொல்): ஒன்றைச் செய்யவோ பயன்படுத்தவோ அதிகாரம் உடையவர் நிபந்தனையோடு தரும் அனுமதி.

சொற்பிறப்பு: உரிய, உரியவர், உரிமை ஆகியவற்றைப் போலவே ‘உரி’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. உரிமை நம்மிடம் இருப்பது. உரிமம் பிறர் தருவது. இலங்கைத் தமிழில் ஓட்டுநர் உரிமத்தைச் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்பர். ‘லைசென்ஸ்’ என்பதும் ‘அனுமதி உண்டு’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்ததே.

துறை வழக்கு: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம் முதலிய அட்டவணைகளைத் திருத்துவது ட்யூனிங் மென்பொருள். அமெரிக்காவின் ஹெச்பி ட்யூனர்ஸ் நிறுவனத்தின் முறையில், வண்டியோடு இணைக்கும் கருவியை வாங்கினால் மட்டும் போதாது. ‘கிரெடிட்’ எனப்படும் கட்டண அலகுகளை வாங்கி, குறிப்பிட்ட வண்டிக்கு உரிமம் பெற வேண்டும். பிறகு அந்த வண்டியில் எத்தனை முறையும் திருத்தி எழுதலாம். அடுத்த வண்டிக்குத் தனிக் கிரெடிட் வேண்டும். உரிமம் அதைப் பெற்றவரின் கருவியோடு பிணைந்தது. ஆகவே, பழைய கார் வாங்குபவருக்கு முந்தையவர் பெற்ற உரிமம் காரோடு சேர்ந்து வராது.

சட்ட வழக்கு: வண்டி நம்முடையது, அதிலுள்ள மென்பொருளின் பதிப்புரிமையோ தயாரிப்பாளருடையது. பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் அந்த மென்பொருளின் பூட்டைத் திறக்க, அமெரிக்கா 2015-இல் உரிமையாளர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனாலும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே அப்படியே பொருந்தும். மென்பொருள் உரிமம் எழுதுவதற்கான அனுமதி மட்டுமே. எதை எழுதுகிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு.