பள்ளிக்கூடத்துக்குள் வர 58 ஆண்டுகள்

1919-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு சிறுவனின் வழக்கு வந்தது. ஆன்டிகோ என்கிற ஊர். பையன் பெயர் மெரிட் பீட்டி. பிறவியிலிருந்தே வாத பாதிப்பு. பேச்சு குழறும், வாயில் எச்சில் வழியும். ஆனால் படிப்பில் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பொதுப்பள்ளியில்தான் படித்தான். அவனைப் பார்ப்பது ஆசிரியர்களுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சங்கடமாக இருக்கிறது, அவன் ஆசிரியரின் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொள்கிறான் என்று நிர்வாகம் அவனை வெளியே நிறுத்தியது. கீழ் நீதிமன்ற ஜூரி பையன் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது.

இதில் என்னை உறுத்துவது தேதிதான். மெரிட்டுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு தொழில் அதற்கு இரண்டு வருடம் முன்பே பிறந்துவிட்டது. 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் சிலர் கூடி ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன், காசநோயும் பக்கவாதமும் கண்ட கட்டடக் கலைஞர். கூட இருந்தவர்களில் வில்லியம் டண்டன் மனநல மருத்துவர். எலினார் கிளார்க் ஸ்லேகல் அப்போது அங்கே இருந்த பெண்களில் ஒருவர்; பின்னாளில் இந்தத் தொழிலைக் கட்டி நிறுத்தியவர்.

‘ஆக்குபேஷன்’ என்றதும் நம்மாட்கள் ‘வேலை வாங்கித் தருவாங்களா?’ என்று கேட்பார்கள். அது அல்ல. ஒருவரின் பொழுதை நிறைக்கும் காரியங்கள் எல்லாமே இங்கே ஆக்குபேஷன்தான்: சாப்பிடுவது, உடுத்துவது, விளையாடுவது. அப்படிப் பார்த்தால் ஒரு குழந்தையின் முழுநேர வேலை பள்ளிக்கூடம். ஆனால் இந்தத் தொழில் முதலில் போனது போர்க்காயம் பட்ட சிப்பாய்களிடமும் மனநல மருத்துவமனைகளுக்கும். பிறகு போலியோ, மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகளுக்கு. சாதாரணப் பொதுப்பள்ளியின் கதவு மூடியேதான் இருந்தது.

அதைத் திறந்தது மருத்துவம் இல்லை, பெற்றோர்களும் வழக்கறிஞர்களும். 1972-ல் இரண்டு வழக்குகள் முடிவுக்கு வந்தன. ஒன்று பென்சில்வேனியாவில், அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் தொடுத்தது. இன்னொன்று தலைநகர் வாஷிங்டனில், மில்ஸ் வழக்கு. ‘எங்களிடம் பணம் இல்லை’ என்றது பள்ளி நிர்வாகம். பணம் போதவில்லை என்றால் அந்தக் குறையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்பதே தீர்ப்பின் சாரம்.

1975 நவம்பர் 29-ல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் ஒரு கணக்கைச் சொன்னது: நாட்டில் குறைபாடு உள்ள பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல், அதில் 10 லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே. இனி எல்லாருக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துப்பூர்வமான தனித் திட்டம், அதாவது ஐஇபி. ஆக்குபேஷனல் தெரபி அந்தச் சட்டத்தில் ‘தொடர்புடைய சேவை’ என்ற பட்டியலில் வந்தது. 1917-லிருந்து எண்ணினால் 58 ஆண்டுகள்.

அந்த ‘தொடர்புடைய’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். சிறப்புக் கல்வியால் பிள்ளை பயன்பெற இந்தச் சேவை தேவை என்றால்தான் பள்ளி தரவேண்டும். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், இது தானாக ஓடும் புரோகிராம் இல்லை. வேறொன்று கூப்பிட்டால் மட்டும் ஓடும் லைப்ரரி. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இங்கே பள்ளிகளில் இந்த வேலை பார்க்கிறார். காரின் டிக்கியில் களிமண், பென்சில் பிடிப்பான்கள், சாய்வுப் பலகை. வாரத்தில் பல பள்ளிகள். சில இடங்களில் நடைபாதைதான் அறை.

“கோட்டு ஜிப் போடக் கத்துக்குடுக்கணும்னாகூட அது ஸ்கூலுக்கு ஏன் வேணும்னு எழுதணும்டா” என்றார்.

“என்ன எழுதுவீங்க?”

“ஜிப் போடத் தெரியலைன்னா ரிசஸுக்கு எல்லாரும் வெளியில ஓடிடுவாங்க. இவன் மட்டும் வாசல்லயே நிப்பான். அதைத்தான்.”

கை பலவீனம் ஒரு மருத்துவக் குறிப்பு. வாசலில் தனியாக நிற்பது பள்ளிப் பிரச்சினை. சட்டம் கேட்பது இரண்டாவதை. முதலில் எனக்கு இது காகித விளையாட்டாகத்தான் பட்டது. யோசித்தால், தெரபிஸ்டின் கண்ணைத் தசையிலிருந்து வகுப்பறைக்குத் திருப்பியதும் இந்த நிபந்தனைதான்.

ஆனால் அதே நிபந்தனை கஞ்சத்தனத்துக்கும் கைகொடுக்கும். ஒரு மாணவரின் வளர்ச்சியை உச்சத்துக்குக் கொண்டுபோகும் கடமை பள்ளிக்கு இல்லை என்று 1982-ல் ரவ்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயருக்கு ஏதோ முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்ல 2017 ஆனது. செலவுக்கோ, மாணவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம் என்று 1975-ல் ஏற்பாடு. அந்த 40-ஐ இன்றுவரை ஒரு வருடம்கூட எட்டவில்லை. தன்னால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக அரசு வாக்குக் கொடுக்கிறது என்று ஃபோர்டு கையெழுத்துப் போடும்போதே கவலைப்பட்டிருந்தார்.

அந்தப் பற்றாக்குறை கடைசியில் வந்து நிற்பது ஐஇபியில் உள்ள நிமிடக் கணக்கில். வாரம் முப்பது நிமிடமா, மாதம் முப்பது நிமிடமா என்று ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அற்பமான பேரம்தான். ஆனால் 1919-ல் அப்படி ஒரு மேஜையே இல்லை. இன்று மெரிட்டின் அம்மாவுக்கு அதில் ஒரு நாற்காலி சட்டப்படி உண்டு. ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் மேல்முறையீடும் உண்டு.