உறையூர்ப் புத்ததத்தரும் வீடுபேற்று நெறியும்

தொட்டியத்தை அடுத்த முசிறி வட்டத்தில் மங்கலம் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள அரவாண்டியம்மன் கோயிலில் மீசையுடன் கூடிய புத்தர் திருமேனி ஒன்று வீற்றிருக்கிறது. ஊர்மக்கள் அதனைச் 'செட்டியார்' என்று அழைத்து வழிபடுகின்றனர். சோழ நாட்டுப் பௌத்தத் தடயங்களைப் பன்னெடுங்காலம் தேடி ஆராய்ந்த பா. ஜம்புலிங்கம் இதனைப் பதிவு செய்துள்ளார். பெயர் மாறினும் வழிபாடு நிற்கவில்லை.

இப்பகுதியிலிருந்து காவிரியின் போக்கிலே கிழக்கே சென்றால் தென்கரையில் உறையூர் வரும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் தங்கிச் சென்ற நிக்கந்தக் கோட்டம் இவ்வூரில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். அருகர் நெறி தழைத்த அதே உறையூரில்தான் ஐந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஆசாரிய புத்ததத்தர் தோன்றினார். பாலி நூல்கள் அவ்வூரை 'உரகபுரம்' என வழங்குகின்றன. தமிழராகப் பிறந்து பாலியில் எழுதியமையால் தமிழ்நாடு அவரை ஏறத்தாழ மறந்தது. இலங்கையும் பர்மாவும் மறக்கவில்லை.

அவர் இலங்கை சென்று அனுராதபுரத்து மகாவிகாரையில் பயின்றவர். தாயகம் திரும்பும்போது, இலங்கை நோக்கிச் சென்ற புத்தகோசரை நடுக்கடலில் சந்தித்தார் என்பது மரபுக்கதை. "நீர் எழுதும் உரைகளை எனக்கு அனுப்புக, நான் சுருக்கித் தருவேன்" என்று அவர் கேட்டதாகவும் கதை சொல்லும். வரலாற்றாசிரியர் இதனை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், பெருநூல்களைக் கற்போர் நலங்கருதிச் சுருக்கித் தருதலே புத்ததத்தரின் பணி என்பதை அக்கதை செவ்வனே உணர்த்துகிறது.

சோழ நாட்டுப் பூதமங்கலத்தில், வெண்குதாசர் கட்டிய விகாரையில் அமர்ந்து, துறவியர் ஒழுக்கத்தைச் செய்யுளில் கூறும் 'விநய விநிச்சயம்' என்னும் நூலை அவர் இயற்றினார். அப்போது ஆண்டவன் களப்பிர மரபினனாகிய அச்சுத விக்கந்தன். காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ணதாசர் எழுப்பிய விகாரையில் 'அபிதம்மாவதாரம்' உருப்பெற்றது. விண்டுவின் பெயரையும் கண்ணனின் பெயரையும் தாங்கியோர் பௌத்தப் பள்ளிகளைக் கட்டுவித்தனர் என்பது எண்ணத்தக்கது. களப்பிரர் காலத்தை இருண்ட காலம் எனக் கூறுவோர் இந்நூல்களைப் படித்திருந்தால் சற்றே தயங்கியிருப்பர்.

அபிதம்மாவதாரம் உள்ளம், உள்ளத்தொடு தோன்றும் இயல்புகள், உருவம், நிர்வாணம் என நான்காகப் பொருளைப் பகுக்கிறது. பிற்பகுதியில் வீடுபேற்று வழியைத் தூய்மைகளின் படிவரிசையாகக் காட்டுகிறது. ஒழுக்கம் தூயதானால் உள்ளம் ஒருமுகப்படும், ஒருமுகப்பட்ட உள்ளத்துக்குப் பார்வை தெளியும், ஐயம் நீங்கும், இது வழி, இது வழியன்று என்னும் பகுத்தறிவு பிறக்கும், முடிவில் பற்று அறும். இப்படிகளில் எதனையும் தாண்டிச் செல்ல இயலாது. ஒழுக்கத்தில் குறையுடையோன் தியானத்தால் வீடு பெறுவான் என்னும் எளிய ஆறுதலுக்கு இங்கு இடமில்லை.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை அறிந்தோர்க்கு இந்நெறி அயலானதாகத் தோன்றாது. வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. சமணம் வினைக்கட்டிலிருந்து விடுபடும் உயிரைக் கூறும். பௌத்தம் நிலைத்த உயிர் என ஒன்றை ஏற்காது. அங்ஙனமாயின் விடுதலை பெறுபவர் யார்? கணந்தோறும் அனைத்தும் அழியுமெனின் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் ஆகானா? நீலகேசி பௌத்தரை மடக்கியது இவ்வகை வினாக்களால்தான். முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. தொடர்ச்சி ஒன்றே உண்டு என்பது பௌத்தரின் பழைய விடை. இவ்விடை நீலகேசியாருக்கு நிறைவு தரவில்லை. இரு தரப்பும் தத்தம் நிலையில் உறுதியாகவே நின்றன.

வாதின் கடுமையை மட்டும் காண்போர் ஒன்றைக் காணத் தவறுவர். மறுப்பதற்காகவேனும் எதிராளியின் கூற்றை முழுமையாக எடுத்துரைத்தல் அக்காலத்து வாத மரபு. ஆதலால் நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி மறைந்த பின்னரும், அதன் கருத்துகளும் செய்யுட் பகுதிகள் சிலவும் நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையினுள் தங்கின. அவ்வுரையுடன் நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். குண்டலகேசியின் முழு ஏடு இன்றுவரை கிடைக்கவில்லை.